நிற்கத் தெரிந்த செல்கள்

இரைப்பையை முழுசாக எடுத்துவிட வேண்டும் என்று அறுவை டாக்டர் சொன்னதும் நான் கேட்ட முதல் கேள்வி, அப்படியானால் சாப்பிடுவது எங்கே போகும் என்பது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மனைவி தலையில் அடித்துக்கொள்ளாத குறை. டாக்டர் சிரிக்கவில்லை. ஒரு தாளை இழுத்து இரைப்பையைப் பை போல வரைந்தார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு போட்டு, நடுவில் இருந்ததைப் பேனாவால் அடித்தார். பிறகு உணவுக்குழாயைக் கீழே இழுத்துக் குடலோடு ஒட்டினார். பார்க்கச் சுலபமாகத்தான் இருந்தது. நான் லிஃப்ட் மெக்கானிக். இப்படிப் படம் போட்டுக் காட்டி எத்தனையோ கட்டடக்காரர்களை நானும் சமாதானம் செய்திருக்கிறேன். படத்தில் எந்த வேலையும் சுலபம்தான்.

கட்டி இன்னும் இரைப்பைச் சுவரைத் தாண்டவில்லை, ஸ்கேனில் அப்படித்தான் தெரிகிறது, சீக்கிரம் எடுத்துவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது என்றார். சீக்கிரம் என்பதை அழுத்திச் சொன்னார். எனக்குத்தான் கத்தி என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் காதில் ஏறவில்லை.

என்னைப் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல முடியாது. பதினைந்து மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள், கூண்டின் கூரைமேல் நின்றுகொண்டு, கீழே எட்டிப் பார்த்து விசிலடித்தவன். ஆனால் மயக்க ஊசி போட்டு, என் உடம்பை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டு, நான் அங்கே இல்லாமல் இருப்பது என்பதை நினைத்தாலே எழுந்து ஓடத்தான் தோன்றும். சொத்தைப் பல்லைப் பிடுங்கப் பயந்து தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, கடைசியில் அதுவே சலித்துப்போய் விழுந்தது. நான் அப்படிப்பட்ட ஆள். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வயிறு ரொம்ப நாளாகவே சொல்லிக்கொண்டுதான் இருந்தது. நெஞ்சைக் கரித்தது, இரண்டு வாயிலேயே நிறைந்துபோனது, பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. நான் ஜெலுசில் மாத்திரையைச் சப்பிக்கொண்டு வேலைக்குப் போனேன். கூட வேலை செய்கிறவர்கள், யாரைப் பார்த்து உனக்கு இவ்வளவு வயிற்றெரிச்சல் என்று கேலி செய்தார்கள். நானும் சிரித்தேன். உடம்பு இளைத்ததை, தொப்பை குறைந்தது என்று மனைவியிடம் பெருமையாகக் காட்டியிருக்கிறேன். எவ்வளவு பெரிய மடையன் பாருங்கள்.

என் மனைவியின் தங்கை அதே ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில், ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை செய்கிறாள். அவளுக்கு நான் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. பள்ளிக்கூடத்திலிருந்தே சோடாபுட்டிக் கண்ணாடி. இப்போது நாள் முழுவதும் மைக்ராஸ்கோப்பில் கண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒற்றை அறையில் இருக்கிறாள். அங்கே அடுப்பு இருக்கிறது, அவள் பற்றவைத்துத்தான் பார்த்ததில்லை. ராத்திரிச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். அக்கா வயிற்றில் பிறக்காத பெண் என்று நான் சொல்வேன்.

அவளுடைய ஆராய்ச்சியே இரைப்பைப் புற்றுநோய்தான். வருஷக்கணக்காக எங்கள் சாப்பாட்டு மேஜையில், வாயில் சோற்றை வைத்துக்கொண்டே கட்டி, சீழ், இரத்தம் என்று பேசுவாள். அக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு வருவாள். அது எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்த பிறகு அவளால் அந்தப் பெயரைச் சொல்ல முடியவில்லை. 'அது' என்று சொல்ல ஆரம்பித்தாள்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்த அன்று, கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்குகளில் சிலவற்றை ஆராய்ச்சிக்குத் தரச் சம்மதமா என்று கேட்டார்கள். தாராளமாக என்றேன். விதிப்படி அதில் பெயர் இருக்காதாம், எண் மட்டும்தான். ஆனால் அறை வாசலில் ஐஸ் டப்பாவோடு நின்று அதை வாங்கிக்கொண்டதே பூதக்கண்ணாடிதான். எண் போட்டு யாரை ஏமாற்றுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளை எதிரே உட்காரவைத்து, என் மரமண்டைக்குப் புரிகிற மாதிரிச் சொல் என்றேன். செல்லின் நடுவில் இருக்கிற மரபணுக்களிலிருந்து கட்டளைகள் வெளியே போய்க்கொண்டே இருக்குமாம்: இதைச் செய், அதைச் செய், வளர், இரண்டாகப் பிரி. வெளியே போன கட்டளை எல்லாம் அப்படியே நடந்துவிடாது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று துளியூண்டு துக்கடாக்கள் நடுவில் திரிகின்றன. தனக்குப் பொருந்துகிற கட்டளையைக் கண்டால் அதன்மேல் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் அந்தக் கட்டளை செல்லாது. அதனால்தான் உடம்பில் எதுவும் அளவுக்கு மீறாமல் இருக்கிறது. இரைப்பையில் புற்று வந்தால் இந்தத் துக்கடாக்களின் ஆட்டம் மாறிவிடுகிறது. வளர்ச்சியை அடக்குகிறவை குறைந்துபோகின்றன. வேறு சில எக்கச்சக்கமாகப் பெருகி, காவலுக்கு இருக்கிற கட்டளைகளின் வாயைப் பொத்திவிடுகின்றன. என்னுடைய துணுக்கைச் சோதித்துப் பார்த்ததில், அடக்குகிற துக்கடா ஒன்று கிட்டத்தட்ட இல்லவே இல்லையாம்.

"பிரேக் தேஞ்சு போச்சுன்னு சொல்லு," என்றேன்.

"தேயல, அத்தான். பிரேக் செய்யற பட்டறையையே பூட்டி வச்சிருக்கு. மரபணு உள்ள அப்படியேதான் இருக்கு. அது மேல பூட்டு தொங்குது, அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' எனக்குப் பிடித்துப்போனது. உடைந்தது என்றால் போனது போனதுதான். பூட்டு என்றால் ஒரு சாவி இருக்கும், இல்லாவிட்டால் சுத்தியலாவது இருக்கும். எங்கள் தொழிலில் பிரேக் என்பது எப்போதும் பிடித்தபடியே இருப்பது; மின்சாரம் வந்தால்தான் விடும். அதனால்தான் கரண்ட் போனால் லிஃப்ட் விழுவதில்லை, நிற்கிறது. மனுஷ உடம்பைச் செய்தவனுக்கு ஏன் இந்தப் புத்தி இல்லாமல் போனது என்று அவளிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். வீட்டில் யாரும் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

என் துணுக்கிலிருந்து செல்களைப் பிரித்துக் கிண்ணத்தில் வளர்ப்பதாகச் சொன்னாள். இல்லாமல் போன அந்தத் துக்கடாவை அச்சு அசலாகச் செய்து விற்கிறார்களாம். அதை வாங்கி உள்ளே விட்டு, செல்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பாள். வழக்கமாக இதை அவள் எத்தனையோ பேருடைய செல்களுக்குச் செய்திருக்கிறாள். அவர்கள் யாரும் அவளுக்கு அத்தான் இல்லை.

ஆபரேஷன் தேதிக்கு முந்தைய வாரம், ஒரு சாயங்காலம், போன்கூடச் செய்யாமல் ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. வாசலிலேயே சொன்னாள்.

"அத்தான், நின்னுடுச்சு."

போனில் படம் காட்டினாள். இரண்டு கிண்ணங்கள். துக்கடா போடாத கிண்ணத்தில் செல்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயின. போட்ட கிண்ணத்தில் ஓர் அளவுக்கு வந்ததும் அப்படியே நின்றுவிட்டன. அடுத்த நாளும் அதே, அதற்கடுத்த நாளும் அதே. அக்காவும் தங்கையும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. இந்த மொழியில் பயமும் நிம்மதியும் பொறாமையும் எல்லாமே வயிற்றில்தான் நடக்கிறது. அந்த வயிற்றைத்தான் என்னிடமிருந்து எடுக்கப் பார்க்கிறார்கள் என்று அப்போது தோன்றியது.

இது எப்போது மருந்தாக வரும் என்று கேட்டேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "வரும், அத்தான். வழி தெரிஞ்சுடுச்சுல்ல," என்றாள்.

கிண்ணத்துக்கும் மனுஷனுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று இதே மேஜையில் எங்களுக்குப் பாடம் எடுத்தவள் அவள்தான். கிண்ணத்தில் ஜெயித்தது எலியில் தோற்கும், எலியில் ஜெயித்தது மனுஷனில் தோற்கும், எல்லாம் சரியாகப் போனாலே பத்து வருஷம் என்று மற்றவர்களின் ஆராய்ச்சியைக் கிழித்துத் தொங்கவிட்டவள். அன்றைக்கு அதையெல்லாம் மென்று விழுங்கிவிட்டாள். நானும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பாரம் ஏற்றாமல் காலி லிஃப்டை ஓட்டிப் பார்த்துவிட்டு பிரேக் பிடிக்கிறது என்று எழுதிக் கொடுத்த ஒருவனை நான் வேலையை விட்டே துரத்தியிருக்கிறேன். அந்த நான் எங்கே போனேன் என்று தெரியவில்லை. வேண்டிய பதில் கிடைத்துவிட்டால் வாய் தானாக மூடிக்கொள்கிறது.

மறுநாள் டாக்டரைப் பார்த்து, கொஞ்சம் டைம் வேண்டும் என்றேன். "டைம் நான் குடுக்கற பொருள் இல்லீங்க," என்றார். பிறகு, வற்புறுத்தி யாரையும் மேஜையில் படுக்கவைக்க முடியாது என்று சொல்லித் தேதியைத் தள்ளிவைத்தார். அந்தத் தேதி வந்தபோது அதையும் நான் தள்ளிவைத்தேன்.

மனைவி சண்டை போட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், தங்கை சொல்கிறாள் என்றால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளே சொன்னாள். தங்கையின் படிப்பின் மேல் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அம்மா இல்லாத வீட்டில் தான் வேலைக்குப் போய்ப் படிக்கவைத்த படிப்பு அது. பூதக்கண்ணாடி ஆபரேஷன் தேதியைக் கேட்டபோதெல்லாம், தேதி மாறிவிட்டது என்று மட்டும் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கூட்டம் போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். அவளும் கிண்ணமே கதி என்று கிடந்தாள். அரைச் சாப்பாட்டில் எழுந்து ஓடிவிடுவாள். மனைவி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அவளும் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரங்களில் எனக்கு உடம்பு நன்றாக இருந்தது. அதுதான் கொடுமை. பசித்தது. வேலைக்குப் போனேன். எனக்குள் துக்கடா போடாமலே எல்லாம் நின்றுவிட்டது போல ஒரு நினைப்பு. எங்கோ ஒரு கிண்ணத்தில் போட்ட மருந்து எனக்கு வேலை செய்கிறது என்று நம்பினேன் என்றால், நம்பிக்கை என்பது எவ்வளவு வெட்கங்கெட்டது பாருங்கள்.

பிறகு அவள் வந்தாள். நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல், கதவருகிலேயே நின்றாள். அக்கா தட்டு எடுக்கப் போனாள். வேண்டாம், முதலில் இதைக் கேளுங்கள் என்றாள்.

"அது கேன்சர் செல்லே இல்ல, அத்தான்."

நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கட்டியிலிருந்து கிள்ளும்போது கட்டியோடு சேர்ந்து, அதைத் தாங்கிப் பிடித்திருக்கிற நல்ல சதையும் வரும். அந்த நல்ல சதையின் செல்கள் கிண்ணத்தில் சுலபமாக வளரும். புற்றுச் செல்கள் முரண்டு பிடிக்கும். கவனிக்காவிட்டால் நல்லது பெருகி, கெட்டது இடமில்லாமல் செத்துப்போகும். கிண்ணத்தில் இருப்பது எது என்று முதலிலேயே சாயம் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். எத்தனையோ பேருக்குப் பார்த்தவள், அவசரத்தில் எனக்குப் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்த்தாளாம். ஒரு புற்றுச் செல்கூட இல்லையாம்.

பிறகு ஏன் நின்றது என்று கேட்டேன்.

"உங்க செல் கொஞ்சமாத்தான் இருந்துச்சு. ரெண்டு கிண்ணத்துலயும் ஒரே அளவு போட்டிருக்கணும். நான்... மருந்து போடற கிண்ணத்துல நிறையப் போட்டேன். நல்லா இருந்ததையெல்லாம் அதுலயே போட்டேன். உங்களுக்குன்னு."

தெரிந்தவர் இலையில் கை தானாக இன்னொரு கரண்டி போடுமே, அப்படி. நிறையப் போட்ட கிண்ணம் சீக்கிரம் நிரம்பியது. நல்ல செல்களுக்கு ஒரு குணம் உண்டாம். பக்கத்துச் செல்லைத் தொட்டுவிட்டால், இனி இடமில்லை என்று தெரிந்து, வளர்வதை நிறுத்திக்கொள்ளும். மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. இடம் தீர்ந்தது, நின்றன. மற்றக் கிண்ணத்தில் இடம் இருந்தது, வளர்ந்தன. புற்றுச் செல்லுக்குத்தான் நிற்கத் தெரியாது.

கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆபரேஷன் இருக்குல்ல, அதான் ஒரே ஆறுதல்," என்றாள். "இந்தத் தேதியை விட்டுடக் கூடாது. எதுக்குத்தான் இப்படித் தள்ளிக்கிட்டே போறாங்களோ, நானே போய்க் கேக்கறேன்."

அவள் என்னைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அவங்க தள்ளல," என்றேன். "நான்தான் தள்ளினேன். நீ நின்னுடுச்சுன்னு சொன்ன அன்னைக்கே."

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த ஐந்தாம் நாளே ஆபரேஷன். ஓர் இடம் காலியானதும் டாக்டர் என்னை உள்ளே நுழைத்துவிட்டார். முதலில் தொப்புளருகே சின்னத் துளை போட்டுக் கேமரா விட்டு உள்ளே பார்ப்போம், எல்லாம் சரியாக இருந்தால் திறப்போம், முடியச் சாயங்காலம் ஆகிவிடும் என்றார். காலையில் என்னைத் தள்ளிக்கொண்டு போனபோது, காத்திருக்கிற அறையின் ஜன்னல் வழியாக வெயில் வந்து எதிர்ச் சுவரில் இருந்த தீயணைக்கும் சிலிண்டரின் மேல் விழுந்திருந்தது. பயத்தில் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே கொண்டுபோய் மயக்க முகமூடியை வைத்தார்கள். நான் அங்கே இல்லாமல் போனேன்.

கண் விழித்தபோது அதே அறை. வாய் உலர்ந்திருந்தது. வலி அதிகம் இல்லை. தலையைத் திருப்பினேன். வெயில் சிலிண்டரை விட்டு நகர்ந்து, பக்கத்தில் இருந்த ஸ்விட்ச் பலகைக்கு வந்திருந்தது. அவ்வளவுதான் நகர்ந்திருந்தது. யாரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. இரைப்பையை எடுக்கிற வேலை இவ்வளவு சீக்கிரம் முடியாது. திறக்கவில்லை. பார்த்துவிட்டு மூடிவிட்டார்கள். போர்வைக்குள் கையை விட்டு வயிற்றைத் தடவினேன். சின்னதாக மூன்று பிளாஸ்திரி. எந்தக் கத்திக்குப் பயந்து ஓடினேனோ அது என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அப்படியே படுத்தபடி அழுதேன்.

குடலைச் சுற்றியிருக்கிற சவ்வெல்லாம் ஜவ்வரிசி இறைத்தது போல இருந்தது என்று டாக்டர் சொன்னார். ஸ்கேனுக்குத் தெரியாத அளவுக்குச் சின்னதாம். இனி எடுத்துப் பயனில்லை; மருந்து ஏற்றலாம், கொஞ்ச காலம் கிடைக்கும். தள்ளிப்போடாமல் இருந்திருந்தால் என்று மனைவி கேட்டாள். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். முன்னாலேயே பரவியிருக்கலாம், இந்த ஒன்றரை மாதத்தில் பரவியிருக்கலாம், இதை யாராலும் சொல்ல முடியாது என்றார். தெளிவாக ஒரு பதில் கிடைத்திருந்தால் எதுவானாலும் தாங்கியிருப்போம். இது எதுவும் இல்லாத பதில். வீட்டுக்குக் கொண்டுவந்து மூவரும் ஆளுக்கொரு மூலையில் வைத்து அறுத்துக்கொண்டோம்.

மனைவி தங்கையோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். பூதக்கண்ணாடி என்னைப் பார்க்க வந்தால் அக்கா உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு வருவதைத் தங்கையே விட்டுவிட்டாள். தேதியைத் தள்ளியது நான், பிடித்துத் தள்ளியவள் அவள் இல்லை என்று மனைவியிடம் எடுத்துச் சொன்னேன்.

"தெரியும்," என்றாள். "உங்களுக்குக் கத்தின்னா பயம். ஓடறதுக்கு ஒரு சாக்கு தேடிக்கிட்டு இருந்தீங்க. அவ குடுத்தா. நான் பாத்துக்கிட்டு நின்னேன். யாரைத் திட்டறதுன்னு தெரியாம அவளைத் திட்டறேன், விடுங்க."

அவளை வெறுத்தால்தான் என்னைக் கவனித்துக்கொள்ளத் தெம்பு வரும் என்றால் வெறுத்துக்கொள்ளட்டும் என்று கொஞ்ச நாள் விட்டேன். ஆனால் நான் போன பிறகு இவளுக்கு யார் இருக்கிறார்கள்? எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இந்த ஒரு தங்கைதான். மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருக்கும்போது எனக்கு வேறு யோசனையே ஓடவில்லை. சாவைப் பற்றி யோசிப்பதைவிட இது சுலபமாகவும் இருந்தது.

கேமரா விட்டுப் பார்த்த அன்று வயிற்றுக்குள் தண்ணீர் விட்டுக் கழுவி எடுத்திருந்தார்கள். அதிலும் ஒரு பங்கை ஆராய்ச்சிக்கு என்று நான் எழுதிக் கொடுத்திருந்தேன். அது வளர்கிறது, இந்தத் தடவை அதுவேதான் என்று பூதக்கண்ணாடி ஒருநாள் மெதுவாகச் சொன்னாள். அதைப் பார்க்க வேண்டும் என்றேன். எனக்குத் தனியாக நாலு அடி நடக்கத் தெம்பு கிடையாது. கைத்தாங்கலாகக் கூட்டிப் போக மனைவி வந்துதான் ஆக வேண்டும். நான் வேண்டுமென்றேதான் கேட்டேன் என்று அவளுக்கும் தெரியும். புடவையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

பின்கட்டடத்து லிஃப்ட் தளத்துக்கு ஒரு விரற்கடை கீழேயே நின்றது. வேறு நாளாக இருந்தால் அங்கேயே சட்டையைக் கழற்றிப் போட்டுச் சரிசெய்ய ஆரம்பித்திருப்பேன். மனைவி என் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அவ்வளவு லேசாகிவிட்டேன்.

ஆராய்ச்சிக் கூடத்தில் இடித்துக்கொள்ளாமல் நடக்க முடியாது. குளிர்ப்பெட்டிகள், கண்ணாடித் தடுப்புக்குள் வேலை மேஜை, உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்கிற அலமாரி ஒன்று. அதைத் திறந்து இரண்டு கிண்ணங்களை எடுத்துவந்தாள். உள்ளங்கை அகலம்தான் இருக்கும், உள்ளே இளஞ்சிவப்புத் தண்ணீர், செல்களுக்கு அதுதான் சாப்பாடாம். ஸ்டூலில் என்னை உட்காரவைத்து, மைக்ராஸ்கோப்பின் உயரத்தைச் சரிசெய்தாள்.

முதல் கிண்ணம் பழையது, அவளை ஏமாற்றியது. நீள நீளமான செல்கள், பாய் விரித்தது போல ஒரே திசையில், ஒன்றையொன்று தொட்டபடி படுத்திருந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறவில்லை. எவ்வளவு ஒழுங்கு. இரண்டாவது கிண்ணத்தில் ஒழுங்கு என்பதே இல்லை. உருண்டையும் கோணலுமாக, ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, மேடு மேடாகக் குவிந்து கிடந்தன. அடித்துப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறுகிற கூட்டம். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் என்னைத் தின்றது இதுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதில் துக்கடாவைப் போட்டாயா என்று கேட்டேன். போட்டாளாம். இந்தத் தடவை இரண்டு பக்கமும் ஒரே அளவு. எதில் மருந்து, எதில் இல்லை என்று தனக்கே தெரியாதபடி வேறொருத்தரை வைத்துப் போடச் சொன்னாளாம்.

"கொஞ்சம் வேகம் குறையுது, அத்தான். அப்புறம் வேற வழி கண்டுபிடிச்சு மறுபடி கிளம்பிடுது. உங்களுக்கு இது உதவாது."

சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை, கண்ணாடியைத் துடைக்கவும் இல்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்குச் சொல்லிவிட்டாள். எனக்கு அவள்மேல் அப்போது ரொம்பப் பிரியமாக இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். நல்ல வேலை செய்திருக்கிறாய் என்று மட்டும் சொன்னேன்.

கதவருகே நின்றிருந்த மனைவி அப்போதுதான் பக்கத்தில் வந்தாள். என்னை நகரச் சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தாள். ஒரு கிண்ணத்தை ரொம்ப நேரம் பார்த்தாள். பூதக்கண்ணாடி கிண்ணத்தை மாற்றி வைத்தாள். அதையும் பார்த்தாள். தலையை நிமிர்த்தாமலே, இத்தனை வாரத்துக்குப் பிறகு, தங்கையிடம் முதல் வார்த்தை பேசினாள்.

"இதுல எது இவரு?"

"ரெண்டுமே அத்தான்தான், அக்கா."

"அந்த நல்லது எவ்வளவு காலம் இருக்கும்?"

"சில தடவை பிரிச்சு வளர்க்கலாம். அப்புறம் வயசாகி நின்னுடும்."

"இது?"

பூதக்கண்ணாடி என்னைப் பார்த்தாள். சொல் என்று தலையசைத்தேன்.

"இது நிக்காது. ஊட்டற வரைக்கும் இருக்கும்."

மனைவி நிமிர்ந்தாள். கிண்ணத்தை எடுத்துச் சுவரில் அடித்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அடித்தால் தடுக்கக் கூடாது என்றும் நினைத்தேன். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். யார் ஊட்டுவது என்று கேட்டாள். நான்தான், ஒருநாள் விட்டு ஒருநாள் என்றாள் தங்கை. ஞாயிற்றுக்கிழமையுமா என்றாள். ஞாயிற்றுக்கிழமையும்தான்.

"அப்ப முடிச்சுட்டு வீட்டுக்கு வந்துடு," என்றாள் மனைவி. "நீ சாப்பிடாம இதுக்கு ஊட்டிக்கிட்டு நிக்காத. நானும் தனியா உக்காந்து சாப்பிட மாட்டேன்."

இதற்குத்தான் நான் வந்தேன். வந்த காரியம் முடிந்தது. ஆனால் அவள் கூப்பிட்டது நான் இல்லாத வீட்டுக்கு, நான் இல்லாத மேஜைக்கு. அது மூவருக்கும் புரிந்தது. யாரும் அதைத் திருத்திச் சொல்லவில்லை. எனக்கு அந்தக் கிண்ணத்தின் மேல் பொறாமை வந்தது. அது இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகூட அதற்கு ஊட்ட ஆள் இருக்கும்.

"எனக்குப் போக இஷ்டமே இல்ல," என்றேன். நோய் வந்ததிலிருந்து அதை அன்றுதான் சொன்னேன்.

மனைவி என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பூதக்கண்ணாடி திரும்பி நின்று, பழைய தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, இரண்டு கிண்ணங்களுக்கும் புதிய தண்ணீர் ஊற்றினாள். அளவு பார்த்து, இரண்டுக்கும் ஒரே அளவு.